தேன் நிறக் குடுவை

அத்தியாயம் 4

இதற்கு முந்தைய மூன்று அத்தியாயங்களைப் படிக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். அவற்றில் நானும் அண்ணியும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியம் இரண்டு வரை எதிர்க் கடைக்காரர் பின்னாலேயே அலைந்தோம். அவர் போர்வை சுற்றி ரகசியமாகத் தூக்கிப் போன கண்ணாடிச் சாமான் ஒரு மீன் தொட்டி என்பதும், அது மனைவிக்குத் தெரியாமல் வாங்கியது என்பதும்தான் நாங்கள் கண்ட பலன்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. துப்பறியும் நிலையம் அவருடையது. அண்ணன் ஆபீஸ் போகிறான், அண்ணி துப்பறிகிறார், நான் அண்ணியின் பையைத் தூக்குகிறேன். அடையாள அட்டையில் மட்டும் 'உதவியாளர்' என்று கௌரவமாகப் போட்டிருக்கிறது. சாதாரண நேரங்களில் தம்பி என்பார். எரிச்சல் வந்தால் 'கொழுந்தனாரே' என்பார். அன்று மதியத்துக்குள் நான்கு தடவை கொழுந்தனார் ஆகியிருந்தேன்.

வழக்கைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தெருவில் இரண்டு ஹூக்கா கடைகள்; தண்ணீர்க் குடுவை வழியாகப் புகையிலைப் புகையை உட்கார்ந்து இழுத்துவிட்டுப் போகிற இடங்கள். சின்னது அந்த எதிர்க் கடைக்காரருடையது. பெரியது, எங்களைக் கூப்பிட்ட முதலாளியுடையது. கீழே கடை, மாடியில் வீடு. கடைக்குள் நுழைந்ததும் எதிரே ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் முதலாளியின் காலஞ்சென்ற அப்பாவின் ஹூக்கா. அதற்கு மேலே அப்பாவின் கறுப்பு வெள்ளைப் போட்டோ. ஹூக்காவில் தண்ணீர் ஊற்றுகிற அடிப்பகுதி, அதாவது கண்ணாடிக் குடுவை, நல்ல தேன் நிறம். பத்து வருடத்துக்கு முன் பரணிலிருந்து எடுத்து வைத்த நாள் முதல் அதை யாரும் பற்றவைத்ததும் இல்லை, கழுவியதும் இல்லை. வாசலில் பெயர்ப் பலகையிலும் அதே அப்பா, தோளில் ஜரிகை சால்வையும் கையில் புகைக்குழாயுமாக ஒரு குறுநில மன்னர் தோரணையில், மடியில் தேன் நிறக் குடுவையோடு உட்கார்ந்திருந்தார்.

அன்று காலை ஒன்பது மணிக்கு முதலாளி அலமாரியைப் பார்த்தபோது குடுவையில் தேன் இல்லை. அதே உயரம், அதே தொப்பை, மேலே அதே பித்தளைத் தண்டு. ஆனால் கண்ணாடி மட்டும் பச்சைத் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் நின்றது.

"அப்பாவைத் தூக்கிட்டு டூப்ளிகேட்டை வெச்சுட்டாங்க மேடம்!" என்று போனில் அழுதார். போன் காய்ந்திருக்குமா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

பூட்டு உடையவில்லை. சாவிகள் இரண்டு. ஒன்று முதலாளியின் சட்டைப் பையில். இன்னொன்று கடையில் ஆறு வருடமாக ஹூக்கா கழுவுகிற அக்காவிடம். முதலாளி கணக்குப் போட ஒரு நொடிதான் ஆனது. மாலை நாலு மணிக்குக் கடை திறக்க வேண்டும். அதற்குள் குடுவை வராவிட்டால் அந்த அக்காவைப் போலீஸில் ஒப்படைப்பதாகச் சொல்லிவிட்டார்.

"அப்புறம் நாங்க எதுக்கு?" என்று காலையிலேயே கேட்டேன்.

"போலீஸ் ஆளைப் பிடிப்பாங்க. நீங்க அப்பாவைப் பிடிச்சுக் கொடுங்க."

மீன் தொட்டியில் முடிந்த எங்கள் விசாரணை மறுபடி கடைக்குள் நுழைந்தபோது மணி இரண்டு பத்து.

*

"அலமாரியைத் திறங்க" என்றார் அண்ணி.

முதலாளி திறந்தார். அண்ணி தண்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பூதக்கண்ணாடி, பொடி, பஞ்சு என்று எதுவும் எங்களிடம் கிடையாது. அண்ணியின் பையில் இருப்பது ஒரு நோட்டு, ஒரு பேனா, நான் கேட்டால் தர மாட்டேன் என்கிற பிஸ்கட்.

குடுவைக்குள் மூக்கை வைத்து முகர்ந்தார். என்னையும் முகரச் சொன்னார்.

"எலுமிச்சை" என்றேன். "திருடன் ஜூஸ் குடிச்சிருக்கான் அண்ணி."

"கொழுந்தனாரே."

ஐந்து.

"அடியில பாரு" என்றார். குடுவையின் அடியில், உள்பக்கம், நூல் பிடித்த மாதிரி ஒரு வெள்ளை வளையம். நடுவில் இன்னும் காயாத ஒரு சொட்டுத் தண்ணீர்.

"இதை நேத்து சாயந்திரம் பார்த்தீங்களா?" என்று முதலாளியைக் கேட்டார்.

"பத்து தடவை இந்தப் பக்கம் போயிருப்பேன் மேடம். நல்லாத்தான் இருந்தது."

"சாயந்திரம் இங்க என்ன விளக்கு போடுவீங்க?"

முதலாளி சுவிட்சைத் தட்டினார். மேலே இருந்த மஞ்சள் பல்புகள் மங்கலாக எரிந்தன. சுவர், நாற்காலி, முதலாளியின் வழுக்கை, என் சட்டை எல்லாமே தேன் நிறத்துக்கு வந்தன. குடுவையும்தான்.

"விளக்கை அணைங்க" என்றார் அண்ணி. "அப்போ விஷயம் நேத்து பகல்லயே நடந்திருக்கலாம்."

"நாளைக்கு வார்னிஷ்காரர் வர்றதா இருந்தது மேடம்" என்றார் முதலாளி தழுதழுத்து. "குடுவை உள்ளே ஒரு பூச்சு பூசிட்டா அந்த நிறம் காலத்துக்கும் போகாது. அப்பா இழுத்த புகை மேடம் அது! முந்தாநாள் சாப்பிடும்போதுதான் வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லி சந்தோஷப்பட்டேன்."

அண்ணி நோட்டில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'வார்னிஷ்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

"கழுவுற அக்கா எங்க?"

"பின்னால கழுவிட்டு இருக்கா."

"திருடின்னு சொன்னவங்களையே மிச்ச ஹூக்கா எல்லாம் கழுவ விட்டிருக்கீங்களா?" என்றேன்.

முதலாளி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வேற யாருக்குத் தம்பி கழுவத் தெரியும்?"

*

பின்கட்டில் இருந்த கழுவும் அறை அந்தக் கடையிலேயே ஒழுங்கான இடம். ஒரு பக்கம் மர முளைகளில் வரிசையாகக் குடுவைகள், எல்லாம் தலைகீழாக. இன்னொரு பக்கம் ஆணிகளில் தொங்கும் தோல் குழாய்கள். நடுவில் பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர். அதன் முன்னால் முக்காலியில் அந்த அக்கா; தோளில் துண்டு, கையில் நீளமான பாட்டில் பிரஷ், கண்கள் அழுது சிவந்திருந்தன. ஆனால் கை நிற்கவில்லை. போலீஸ் வருகிறதென்று யாராவது நம்மிடம் சொல்லியிருந்தால் நாம் முதலில் வேலையைத்தான் நிறுத்தியிருப்போம்.

"எப்படிக் கழுவுறீங்கன்னு காட்டுங்களேன்" என்றார் அண்ணி, ஏதோ சமையல் குறிப்பு கேட்கிற குரலில்.

அந்த முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. "கொதிக்கிற தண்ணி கூடவே கூடாதுங்க. கண்ணாடி விரிசல் விட்டுப்போகும். கை பொறுக்கிற சூடுதான். ஒரு மூடி எலுமிச்சை, ஒரு கை கல்லுப்பு. அப்புறம் பிரஷ். கல் தொட்டியில வெச்சுக் கழுவுனா விளிம்பு பெயரும், அதான் பிளாஸ்டிக் தொட்டி. தண்டுக்குள்ள தண்ணியைப் பீச்சி விடணும். வாஷரைக் கழற்றித் தனியாத் துடைக்கணும். சோப்பு மட்டும் வேண்டாங்க, அடுத்த நாள் வர்றவர் சோப்புப் புகை இழுப்பார்."

"இந்தக் குழாய்?" என்று ஆணியிலிருந்து ஒன்றை எடுத்தேன்.

"தோல்ங்க அது. தண்ணியே காட்டக் கூடாது. ஊதித்தான் சுத்தம் பண்ணணும்."

ஊதிக் காட்டலாம் என்று வாயில் வைத்தேன். ஊதுவதற்கு முன் மூச்சை இழுக்க வேண்டும் என்பதும், குழாயை வாயில் வைத்தபடி இழுக்கக் கூடாது என்பதும் எனக்குத் தாமதமாகவே புரிந்தன. யாரோ எப்போதோ இழுத்துப் பாதியில் விட்ட புகை முழுவதும் என் தொண்டையில் வந்து இறங்கியது.

நான் இருமிக்கொண்டிருந்தபோது அண்ணி என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு விசாரணையைத் தொடர்ந்தார். "எல்லாத்தையும் ஏன் தலைகீழா வெச்சிருக்கீங்க?"

"நிமிர்த்தி வெச்சா உள்ள தண்ணி நின்னுடும்ங்க. காய்ஞ்சா அடியில வெள்ளையா வளையம் விழும். அப்புறம் ரெண்டு நாள் தேய்ச்சாலும் போகாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒண்ணே ஒண்ணுல விழுந்தது, இன்னும் ஞாபகம் இருக்கு."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் இருமலுக்கு நடுவே தலையாட்டினேன். எதற்கென்று தெரியாமல்தான்.

அடுத்து அண்ணி சுவரோரம் இருந்த கல் தொட்டியை நோக்கிப் போனார். அதன் ஓட்டையில் ஒரு தகர வடிகட்டி. அதைத் தூக்கி என் உள்ளங்கையில் கவிழ்த்தார். டீத்தூள் நிறத்தில் ஏழெட்டு மணிகள் விழுந்தன.

"என்னது?"

"அரிசி அண்ணி. யாரோ சாப்பிட்ட தட்டைக் கழுவியிருக்காங்க."

"நசுக்கிப் பாரு."

நசுங்கவில்லை. கல் மாதிரி இருந்தது. வேகாத அரிசி.

"வேகாத அரிசியை யார் சாப்பிடுவாங்க? அதுவும் இந்த நிறத்துல?" என்றவர் அந்த அக்காவிடம் திரும்பினார். "கழுவறதுக்கு அரிசி போடுவீங்களா?"

"அரிசியா? பிரஷ் இருக்கும்போது அரிசி எதுக்குங்க? அதெல்லாம் அந்தக் கால..." என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்தினார். கையிலிருந்த பிரஷ் தொட்டிக்குள் விழுந்தது. "எனக்கு எதுவும் தெரியாதுங்க."

"தெரியாதா, சொல்ல மாட்டீங்களா?"

"தெரியாதுங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். தரை அதை நம்பவில்லை.

"நாலு மணிக்குப் போலீஸைக் கூப்பிடுவார். தெரியுமில்ல?"

"தெரியும்" என்றார் அந்த அக்கா. கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு அடுத்த குடுவையை எடுத்தார். "ஆறு வருஷத்துல ஒரு வாஷரைக் கூட நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதில்லைங்க. என்னைப் போய் திருடின்னு சொல்லிட்டாரு. சொல்லட்டும்."

எடுத்த குழாயை ஆணியிலேயே திரும்ப மாட்டினேன். இந்தத் தடவை வாயில் வைக்கவில்லை.

*

"அரிசி எங்க இருக்கோ அங்க போகணும்" என்றார் அண்ணி. கடையில் அரிசி கிடையாது. மாடியில்தான் உண்டு. முதலாளி முன்னால் படியேற, நாங்கள் பின்னால் ஏறினோம்.

"வீட்டுல யாரும் இல்லையா?"

"அம்மாவுக்குக் கண்ணுல பொரை. என் மனைவி காலையில எட்டு மணிக்கே கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கா. குடுவை விஷயம் அவங்களுக்கு இன்னும் தெரியாது மேடம். அம்மா கேட்டா தாங்க மாட்டாங்க. அப்பா ஞாபகமா மிஞ்சினதே அது ஒண்ணுதான்."

சமையலறை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அரிசி டின்னைத் திறந்தேன். டின் நிறைய அரிசி. ஒரு கைப்பிடி குறைந்தாலும் அரிசி டின் வாயைத் திறந்து சொல்லாது. பழக்கூடையில் வாழைப்பழம் இருந்தது, எலுமிச்சை இல்லை.

"எலுமிச்சை வாங்கறது இல்லையா?"

"முந்தாநாள் நான்தானே ஒரு பை நிறைய வாங்கி வந்தேன்!" என்றார் முதலாளி, கூடையைக் கிளறிக்கொண்டே. "அதுக்குள்ள எங்க போச்சு?"

"இங்க" என்றார் அண்ணி.

ஜன்னல் விளிம்பில், வெயில் படுகிற இடத்தில், பிழிந்த எலுமிச்சை மூடிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. எண்ணினேன். பதினான்கு. எல்லாம் ஒரே அளவில் சுருங்கியிருந்தன. ஒரே நாளில் பிழிந்தவை.

"இதை யார் காய வைப்பாங்க? உங்க மனைவியா?"

"அவ குப்பையில போட்டுடுவா மேடம். இது அம்மா வழக்கம். பாத்திரம் தேய்க்க ஆகும்னு சேர்த்து வைப்பாங்க. இதனால ரெண்டு பேருக்கும் தினம் சண்டை." முதலாளி பொறுமையிழந்தார். "மேடம், மணி மூணரை. எங்க அப்பா காணாம போயிருக்கார், நீங்க எலுமிச்சை மூடியை எண்ணிட்டு இருக்கீங்க!"

"நான் எண்ணலை. இவன்தான் எண்ணினான்" என்று என்னைக் காட்டினார் அண்ணி. "உங்க அம்மா ஹூக்கா இழுப்பாங்களா?"

முதலாளி அதிர்ந்து போனார். "அம்மாவா? மேடம், அவங்களுக்குப் புகையே ஆகாது. அடுப்புல ஏதாவது வதக்கினாக்கூட அந்த ரூம்லேர்ந்து இருமுவாங்க."

"சரி. கீழே போய் அந்தப் போட்டோவைக் கொஞ்சம் இறக்குங்க. இன்னும் அரை மணி இருக்கு."

*

போட்டோவை மேஜைமேல் வைத்துத் துடைத்தோம். பத்து வருடமாக எல்லாரும் அண்ணாந்தே பார்த்த படம். அருகில் பார்த்தவர்கள் யாரும் இல்லை என்பது அருகில் பார்த்ததும் தெரிந்தது.

கழுவும் அக்காவையும் அண்ணி கூப்பிட்டார். அவர் கதவோரம் நின்றுகொண்டார்.

"உங்க அப்பா என்ன சட்டை போட்டிருக்கார்?" என்றார் அண்ணி.

"கோடு போட்ட சட்டை" என்றார் முதலாளி.

"குடுவையை எங்க வெச்சிருக்கார்?"

"மடியில. நெஞ்சோட சேர்த்து..." முதலாளியின் குரல் பாதியில் நின்றது.

நானும் குனிந்தேன். அப்பா குடுவையை நெஞ்சோடு அணைத்திருந்தார். சட்டையின் கோடுகள் கழுத்தருகே தொடங்கி, குடுவையின் இந்தப் பக்கம் நுழைந்து, கண்ணாடிக்குள் கொஞ்சம் வளைந்து நெளிந்து, அந்தப் பக்கம் வெளியே வந்தன. ஒன்று விடாமல் எண்ணலாம். கண்ணாடிக்குப் பின்னால் அவர் விரல்கள் கூடத் தெரிந்தன.

"தேன் நிறக் கண்ணாடியில சட்டைக் கோடு இவ்வளவு பளிச்சுனு தெரியாது" என்றார் அண்ணி. "போட்டோ எடுத்த அன்னைக்கு இந்தக் குடுவைக்கு நிறமே இல்லை. நிறம் அப்புறம் வந்தது. புகை படிஞ்ச கறை. அது நேத்து போயிருக்கு. உங்க குடுவையை யாரும் திருடலை. கழுவியிருக்காங்க, அவ்வளவுதான். அலமாரியில இருக்கறது அதே குடுவைதான்."

நாலு மணி நேரம் மீன் தொட்டி பின்னால் அலைந்த எங்களுக்கு, தேடிய சாமான் முதலிலிருந்தே அலமாரியில் இருந்தது. இதை அண்ணன் காதில் போடக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

முதலாளி சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. மறுகணம் செக்கச் சிவந்தது.

"கழுவிட்டாளா!" என்று கத்தினார். "திருடியிருந்தாக்கூட தேடிப் பிடிக்கலாமே! எங்க அப்பா இழுத்த புகையைச் சாக்கடையில ஊத்திட்டாளே! சாவியைக் குடு. இனிமே இந்த வாசப்படி மிதிக்காத!"

திருட்டுப் பட்டம் போய் வேலை நீக்கம் வந்தது. அந்த அக்கா சாவியை எடுத்து நீட்டினார். "நான்தான் கழுவினேன். போயிடறேன்" என்றார்.

"ஒரு நிமிஷம்" என்றார் அண்ணி. "எப்படிக் கழுவினீங்க?"

"அது... அரிசி போட்டுக் குலுக்கி..."

"எவ்வளவு அரிசி?"

அக்கா திணறினார். "ஒரு... ஒரு கிலோ."

"ஒரு கிலோவா? அதுல நாங்க நாலு பேர் சாப்பிட்டு மிச்சம் வெப்போமே!" என்றேன். "அந்தக் கழுத்து வழியா ஒரு கிலோவைப் போட்டு எடுக்க ஒரு வாரம் ஆகும்."

"இவங்க இதைக் கழுவலை" என்றார் அண்ணி. "இவங்க பிரஷ் போடறவங்க, அரிசி போடறவங்க இல்லை. இவங்க ஒரு குடுவையைக் கவிழ்த்து வைக்காம தூங்க மாட்டாங்க. இதைக் கழுவினவர் நிமிர்த்தி வெச்சிருக்கார், அடியில வெள்ளை வளையம் விழுந்திருக்கு. அரிசி போட்டுக் குலுக்கற வித்தை தெரியும், ஆனா கையால செஞ்சு பழக்கம் இல்லை. பக்கத்துல உக்காந்து பார்த்து மட்டும் பழக்கம். பதினாலு மூடி எலுமிச்சை பிழிஞ்சாலும் ஒரு மூடியை வீணாக்க மனசு வராதவர்."

கதவோரம் நின்ற அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

*

முதலில் முதலாளியின் மனைவி இறங்கினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா இறங்கினார். கண்ணில் மருந்து போட்டிருந்ததால் பெரிய கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தார். உள்ளே வந்து, அழுகைச் சத்தம் வந்த திசையில் முகத்தைத் திருப்பினார்.

"யாருடா அழறது? என்ன ஆச்சு?"

மகன் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அம்மா நடுவிலேயே நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார்.

"அவளை ஏன்டா அழ வெச்ச? கழுவினது நான்தான்" என்றார். "சாவி குடுன்னு வாங்கினது நான்தான். யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கினதும் நான்தான். இப்படி வாயே திறக்காம இருப்பான்னு கண்டேனா?"

"அம்மா! அது அப்பா இழுத்த புகைம்மா!"

"உங்க அப்பா என்னைக்குடா இழுத்தார்? கல்யாணமான புதுசுல ஒரே ஒரு தடவை இழுத்துட்டு அரை மணி நேரம் இருமினார். அதோட சரி." அம்மா கறுப்புக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "அந்த ஹூக்கா என்னோடது."

அந்த அதிர்ச்சியிலிருந்து முதலில் தேறியது மருமகள்தான்.

"அத்தை! நீங்களா? நான் கடுகு தாளிச்சாலே இருமுவீங்களே!"

"அது புகைக்கு வந்த இருமல் இல்லம்மா. உன் சமையலுக்கு வந்தது."

அண்ணி போட்டோவைத் தூக்கி முதலாளி முன் வைத்தார். "வலது கையில உங்க அப்பா என்ன பிடிச்சிருக்கார்?"

"புகைக்குழாய்" என்றார் முதலாளி, ஈனஸ்வரத்தில்.

"புகைக்குழாய்க்கு முடி முளைக்குமா? நல்லாப் பாருங்க."

பாட்டில் பிரஷ். நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடத் தொங்கியது. சட்டைக் கையை முழங்கை வரை மடித்திருந்தார். இந்தப் படத்தைப் பார்த்து வாசல் பலகை எழுதினவர் ஜரிகை போட்டு மன்னருக்குப் போர்த்திவிட்ட சால்வை, ஈரம் துடைக்கிற துண்டு.

"அந்த போட்டோ நான் எடுத்தது" என்றார் அம்மா. "நீ ஸ்கூலுக்குப் போனதும் நான் பின்ரூம்ல உக்காருவேன். அவர் எனக்காகக் கழுவி, புதுத் தண்ணி ஊத்தி, தயாரா வெச்சிருப்பார். பிரஷ் தேய்ஞ்சு போனா அரிசி போட்டுக் குலுக்குவார், தாளம் போட்டுட்டே. நான் பார்த்துட்டு இருப்பேன். நீ கதவைத் திறந்தா கையில ஹூக்காவோட அவர்தான் நிப்பார். என்னைக் காட்டிக் கொடுக்க மாட்டார். நீயும் அவர்தான் இழுக்கறார்னு நினைச்சுட்ட. அப்படியே இருக்கட்டும்னு நானும் விட்டுட்டேன்."

"அப்போ அந்தக் கறை..."

"அவர் போனப்புறம் நீ ஹாஸ்டலுக்குப் போயிட்ட. கழுவ ஆள் இல்லை. எனக்குக் கழுவ மனசும் இல்லை. மூணு வருஷம் தண்ணியை மட்டும் மாத்தி மாத்தி இழுத்தேன். அவர் மேல கோவம். கழுவறதை என் தலையில போட்டுட்டுப் போயிட்டாரேன்னு." அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அப்புறம் பரண்ல தூக்கிப் போட்டேன். நீ என்னடான்னா அதை எடுத்து அலமாரியில வெச்சு அப்பா அப்பான்னு கும்பிடற. பத்து வருஷம் பொறுத்தேன். முந்தாநாள் வார்னிஷ் போடப் போறேன்னதும் பொறுக்கலை. டம்ளர்ல ஒரு கறை இருந்தா தண்ணி குடிக்காத மனுஷன்டா அவர். அவர் பேர்ல காலத்துக்கும் அழுக்கு இருக்கணுமா?"

முதலாளியின் கண்களும் மருந்து போட்ட மாதிரி இருந்தன.

"பளபளன்னு இருக்கறதைப் பார்த்து நீ சந்தோஷப்படுவ, அப்போ மெதுவாச் சொல்லலாம்னு இருந்தேன். திருடு போச்சுன்னு ஊரைக் கூட்டுவன்னு யார் கண்டா?" அம்மா கையை நீட்டினார். "முதல்ல அவளை இங்க கூப்பிடு."

அந்த அக்கா பக்கத்தில் வந்தார். அம்மா அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். முதலாளி எழுந்து நின்றார். பெரிய மனிதர்களுக்கு மன்னிப்பு கேட்பது பழக்கமில்லாத வேலை. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"தப்பு என்னோடதுதான்" என்றார் கடைசியில். "திருடின்னு சொல்லிட்டேன். மன்னிச்சுடு... மன்னிச்சுடுங்க."

அக்கா தான் கொடுத்த சாவியைத் திரும்ப வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு அலமாரிக்குப் போய், குடுவையை எடுத்து, அடியில் இருந்த வெள்ளை வளையத்தைப் பார்த்தார். காலையிலிருந்து அவர் நெஞ்சை அது அறுத்துக்கொண்டிருந்தது என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

"இது இப்படி இருக்கக் கூடாதும்மா" என்றார். "நான் ஒரு தடவை..."

"நீ வேண்டாம்" என்றார் அம்மா. "அவன் கழுவட்டும். அவங்க அப்பா வேலை அது."

*

மணி நாலு அடித்தபோது கடை திறக்கவில்லை. வாசலில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்களிடம் 'உள்ளே வேலை நடக்கிறது' என்று சொல்லி அனுப்பும் பொறுப்பு உதவியாளரான எனக்கு வந்தது. போலீஸை யாரும் கூப்பிடவில்லை.

பின்கட்டில் முதலாளி முக்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். கொதிக்கிற கெட்டிலை எடுத்துத் தொட்டியில் கவிழ்க்கப் போனார்.

"சூடு! சூடு!" என்று அக்கா கத்தினார். "கண்ணாடி விட்டுப்போகும் முதலாளி! கை பொறுக்கிற சூடு போதும்."

முதலாளி பயந்து கெட்டிலைக் கீழே வைத்தார். பச்சைத் தண்ணீர் கலந்தார். எலுமிச்சைக்குப் பஞ்சம் வந்துவிட்டதால் காய வைத்த மூடிகளில் இரண்டை மருமகள் வெந்நீரில் ஊற வைத்துக் கொண்டுவந்தார். அந்த மூடிகளுக்கு ஒரு உபயோகம் உண்டு என்று அவர் ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரு கைப்பிடி அரிசி, ஒரு கை கல்லுப்பு. முதலாளி குலுக்கினார். தண்ணீர் அவர் மூக்கில் தெறித்தது. அக்கா தன் தோளில் இருந்த துண்டை எடுத்து அவர் தோளில் போட்டார்.

கடையில் உட்கார்ந்திருந்த அம்மா கதவருகே வந்து நின்றார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். மருந்து விட்ட கண்ணுக்கு எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். மடித்த கை, தோளில் துண்டு, நெஞ்சோடு அணைத்த குடுவை, உள்ளே அரிசி குலுங்குகிற சத்தம். கொஞ்ச நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம்தான் கழுவுவீங்க?" என்றார் செல்லக் கோபத்தோடு.

அண்ணி என் கையை அழுத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை. சரியான நேரத்தில் வாய் மூடி இருக்க எனக்கும் வாழ்க்கையில் ஒரு தடவை வாய்த்தது.

"இதோ ஆச்சு" என்றார் முதலாளி, தலை நிமிராமல். அவர் குரல் உடைந்திருந்தது.

குடுவையை அலசி, துடைத்து, பெருமையாக அக்காவிடம் நீட்டினார். அக்கா அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மேலே பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், அடியைத் திருப்பிப் பார்த்தார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். காலையில் தன்னைத் திருடி என்று சொன்ன அதே மனிதரிடம் குடுவையைத் திருப்பிக் கொடுத்தார்.

"அடியில இன்னும் இருக்கு முதலாளி. இன்னொரு தடவை கழுவுங்க."

முதலாளி மறு பேச்சு பேசாமல் முக்காலியில் உட்கார்ந்தார்.